மொட்டை மாடிப் புகையும் வஞ்சிரத் துண்டும்

போன இதழில், மரத்தூள் துண்டுகளை எரித்துச் சமைக்கிற பெல்லட் கிரில் என்ற அடுப்பில் மீனுக்குப் புகை போட்டுச் சாப்பிட்டதைப் பற்றி போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதை இவ்வளவு பேர் பிடித்துக்கொள்வார்கள் என்று நினைக்கவே இல்லை. கடலூரிலும் புதுச்சேரியிலும் இத்தனை மொட்டை மாடிகளில் இந்த இயந்திரம் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதா? சரி, இந்த முறை முழுக்க மீனும் புகையும்தான். செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, எங்கள் நாத்தனார் வீட்டுக்காரர் பிரான்சில் ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்தபோது, சாமான்களோடு ஒரு பெல்லட் கிரில்லையும் கொண்டுவந்து எங்கள் மாடியில் வைத்துவிட்டார். பெரிய மார்க்கெட்டில் ஒன்றரைக் கிலோ வஞ்சிரம் துண்டு போட்டு வாங்கி, மிளகாய்த்தூள், மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது எல்லாம் தடவி, ஒரு அமெரிக்க வீடியோவில் சொன்னபடி 180 டிகிரியில் வைத்தோம். மேலே தயிர் மாதிரி வெள்ளையாகத் திரண்டு வழிந்தது. மீன் வறண்டு சக்கையாகிவிட்டது. புகை வாசமே இல்லை, கசப்பு மட்டும் இருந்தது. எங்கே தப்பு?
— வாசகி, லாஸ்பேட்டை

தங்கச்சி, முதல் தப்பு அந்த 180. வீடியோக்காரர் சொன்னது ஃபாரன்ஹீட், பிரான்சிலிருந்து வந்த உங்கள் இயந்திரத்தில் எண் செல்சியஸில் வரும். அவருடைய 180 நம் கணக்குக்கு வெறும் 82 டிகிரி. நீங்கள் வைத்தது கேக் சுடுகிற சூடு, அதில் எந்த வஞ்சிரமும் சக்கையாகத்தான் போகும். மேலே வழிந்த வெள்ளை மீனின் சொந்தப் புரதம். சூடு திடுதிப்பென்று ஏறினால் சதை இறுகி அதை வெளியே பிதுக்கித் தள்ளும், மேலே வந்து திரண்டுகொள்ளும். சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது, பார்க்கத்தான் அசிங்கம்.

புகை வாசம் வராததற்கும் அதே 180தான் காரணம். இந்த இயந்திரத்தில் மாயம் எதுவும் இல்லை. பக்கத்தில் ஒரு தொட்டி, அதில் மரத்தூளை அழுத்திச் செய்த, பென்சில் பருமனில் சின்னச் சின்னத் துண்டுகள், அவைதான் பெல்லட். அடியில் ஒரு திருகு மோட்டாரில் சுற்றி அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு இரும்புக் கிண்ணத்துக்குள் தள்ளும், ஒரு சூட்டுக்கம்பி பற்றவைக்கும், ஃபேன் ஊதும், சூட்டைப் பார்த்துப் பார்த்துத் திருகை ஓட்டுவதும் நிறுத்துவதும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் வேலை. (வீட்டுக்கு வெப்பமூட்ட உண்டான பெல்லட்டைச் சமையலுக்குத் திருப்பிவிட்டவர் அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்து ஜோ டிரேகர், 1980களில்.) அதிகச் சூடு கேட்டால் தீயும் காற்றும் கூடி மரம் சுத்தமாக எரிந்துவிடும், புகை வராது. குறைந்த சூட்டில்தான் மரம் புழுங்கிப் புகையும். ஆகவே 80க்குப் பக்கம் வைத்தால்தான் உங்களுக்குப் புகை. கசப்பு வந்தது பற்றவைத்த உடனே மீனை உள்ளே வைத்ததால் என்று நினைக்கிறேன். முதல் பத்து பதினைந்து நிமிடம் வெள்ளைவெளேர் என்று அடர்த்தியாக ஒரு புகை வரும், கொசுவுக்கு மூட்டம் போட்ட மாதிரி. அது அடங்கி, இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற அளவுக்கு மெல்லிய புகை வந்த பிறகுதான் மீன் உள்ளே போகவேண்டும்.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் மீனை அடுப்பில் வைப்பதற்கு முந்தின நாள் நடக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் இயந்திரத்தின் மேல்தான் கண். என்னைக் கேட்டால் புகை மீனில் பாதிக்கு மேல் உப்பும் காற்றும், மிச்சம்தான் நெருப்பு.

மீன்காரம்மாவிடம் "வறுக்க" என்று சொல்லாதீர்கள். சொன்னால் அவர் அரிவாள்மனையில் அரை அங்குலத்துக்குச் சீவித் தள்ளிவிடுவார், அது தோசைக்கல்லுக்கு. நமக்கு நடுக்கண்டத்தில் ஒரு அங்குலம் கனமாவது வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் கல் உப்பு, 40 கிராம் கருப்பட்டி அல்லது நாட்டுச் சர்க்கரை கரைத்து, நன்றாக ஆறவிட்டு, துண்டுகளை முழுக்க மூழ்கவைத்து ஃபிரிட்ஜில் இரண்டரை மணி நேரம். உப்பைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். கல் உப்பும் தூள் உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது, மரக்காணம் கல் உப்பிலேயே பருமன் பருமனாக எத்தனை விதம் இருக்கிறது.

பிறகு தண்ணீரில் ஒரு அலசு அலசி, துணியால் ஒற்றி, ஒரு கம்பி வலைத் தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, மூடாமல் ஃபிரிட்ஜில் இரவு முழுக்க விடுங்கள். பனிக்கட்டி படியாத 'ஃப்ராஸ்ட் ஃப்ரீ' வகை ஃபிரிட்ஜ் என்றால் உள்ளேயே வறண்ட காற்று சுற்றிக்கொண்டிருக்கும், அது நமக்கு இனாமாகக் கிடைக்கிற உலர்த்தும் எந்திரம். காலையில் தொட்டுப் பார்த்தால் மேலே பளபளவென்று, விரலில் லேசாக ஒட்டுகிற மாதிரி ஒரு மெல்லிய தோல் படிந்திருக்கும். உப்பு இழுத்துவந்த புரதம் காய்ந்து உண்டானது அது. அந்தத் தோலில்தான் புகை சீராகப் பிடிக்கும். ஈர மீனில் திட்டுத் திட்டாகக் கறுத்து, ருசியும் புளிப்பும் கசப்புமாகப் போகும். மேல்நாட்டுக்காரர்கள் வெளியில் காற்றாட வைப்பார்கள், அவர்கள் ஊர் 10 டிகிரி. நம் ஊர்க் கடற்காற்றில் மீனை வெளியே வைத்தால் காய்வதற்கு முன் கெட்டுவிடும். அவசரம் என்றால் ஏசி அறையில் டேபிள் ஃபேன் முன்னால் ஒரு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம்.

இஞ்சி பூண்டு விழுதை நான் குறை சொல்வேனா? வறுவலுக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் ஈர விழுதை அப்பி வைத்தால் புகைக்கு மீன் எங்கே கிடைக்கும், அது இஞ்சியைத்தான் தொட்டுவிட்டுப் போகும். காய்ந்த தோலின் மேல் இடித்த மிளகைத் தூவுங்கள், போதும்.

அடுப்பில் முதல் ஒரு மணி நேரம் 80 டிகிரி. பிறகு 105, 110க்கு ஏற்றுங்கள். குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். நடு எலும்பைத் தொடாமல் சதையின் நடுவில் குத்தி 65 வந்ததும், அடுப்பை மறுபடி 80க்கு இறக்கி இன்னும் அரை மணி அப்படியே விடுங்கள். அந்த அரை மணி ருசிக்காக இல்லை, கிருமிக்காக. மொத்தம் இரண்டரை மணி, மூன்று மணி ஆகும், துண்டின் கனத்தைப் பொறுத்து. அடியில் வலைக்கு எண்ணெய் தடவ மறக்காதீர்கள். நான் மறந்து, தோலை எல்லாம் வலையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

வஞ்சிரம் விற்கிற விலையில் மாதம் ஒருமுறைகூட வாங்க முடியவில்லை. வேறு எந்த மீன் சரிவரும்? சூரை மலிவாகக் கிடைக்கிறது.
— வாசகர், கடலூர் முதுநகர்

சூரை பிரமாதமாக வரும் ஐயா, புகைக்கென்றே பிறந்த மீன். ஆனால் நடுவில் ஓடுகிற கருஞ்சதையைச் செதுக்கி எடுத்துவிடுங்கள், புகை பட்டால் அதன் இரும்பு வாடை இரண்டு மடங்காகும். எண்ணெய்ச் சத்துள்ள மீன் எதுவும் நல்லது. பாறையில் பெரியது, சீலா இரண்டும் சரி. கொடுவா கொஞ்சம் மெலிந்த சதை, உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் தாங்கும். காணாங்கெளுத்தியைத் துண்டு போடாமல் முழுசாகவே வைக்கலாம், இருப்பதிலேயே மலிவு அதுதான், என் வீட்டில் முதலில் தீர்வதும் அதுதான். சங்கராவைக் குழம்புக்கு விட்டுவிடுங்கள்.

ஒன்றே ஒன்று. சூரை, வஞ்சிரம், காணாங்கெளுத்தி, மத்தி இவையெல்லாம் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். சாப்பிட்ட சில நிமிடங்களிலேயோ ஓரிரு மணியிலேயோ முகம் சிவந்து, தலைவலித்து, உடம்பெல்லாம் அரிக்கும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை, அலர்ஜி என்று சொல்லிவிடுவோம். அது வேகவைத்தாலும் போகாது, புகை போட்டாலும் போகாது, ஃபிரீசரில் வைத்தாலும் போகாது. ஆகவே காலையில் துறைமுகத்தில் வாங்கி, ஸ்கூட்டர் ஹேண்டிலில் பையை மாட்டிக்கொண்டு, வழியில் டீ குடித்து, நியூஸ் பேப்பர் வாங்கி, மச்சான் வீட்டில் அரை மணி பேசிவிட்டு வீட்டுக்கு வருகிற பழக்கம் இருந்தால் இந்த மீனுக்கு அதை விட்டுவிடுங்கள். ஒரு தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் எடுத்துப் போங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது. அப்போது சந்தைக்கு வருகிற பெரிய மீனில் வெளியூரிலிருந்து பல நாள் ஐஸில் வந்ததும் கலந்திருக்கும். நான் அந்த இரண்டு மாதம் பெரிய மீனுக்குப் புகை போடுவதில்லை. நாட்டுப்படகில் அன்றைக்குப் பிடித்துவந்தது கண்முன் கிடைத்தால் மட்டும்.

ஆன்லைனில் பெல்லட் விலை கிலோவுக்கு யானை விலை சொல்கிறார்கள். இங்கே பாய்லருக்கு வாங்கும் பெல்லட் மூட்டை சல்லிசாகக் கிடைக்கிறது, அதைப் போடலாமா? எங்கள் ஊரில் முந்திரி ஓடும் மலைபோலக் கிடக்கிறது.
— வாசகர், பண்ருட்டி

இரண்டும் கூடாது. பாய்லர் பெல்லட்டில் கடலை ஓடு இருக்கலாம், பிளைவுட் தூள் இருக்கலாம், பெயின்ட் அடித்த பழைய கட்டை இருக்கலாம். பாய்லருக்குச் சூடு வந்தால் சரி, அதைச் செய்கிறவர் நீங்கள் அதில் மீன் வாட்டுவீர்கள் என்று எதற்கு யோசிக்கப் போகிறார்? முந்திரி ஓடு அதைவிட மோசம். பண்ருட்டிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஓட்டில் இருக்கும் எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்துபோகும், அதன் புகை கண்ணையும் தொண்டையையும் என்ன செய்யும் என்று முந்திரி வறுக்கிற இடத்தில் நின்றவருக்குத் தெரியும். உணவுக்கென்று விற்கிற பெல்லட்டை மட்டும் வாங்குங்கள்.

காசு மிச்சம் பிடிக்க ஒரு வழி சொல்கிறேன். சூட்டுக்குச் சாதாரண உணவு பெல்லட், வாசத்துக்கு நம் ஊர் மாங்கட்டை. நன்றாகக் காய்ந்த மா, கொய்யா சில்லுகளை ஓட்டை போட்ட ஒரு ஸ்டீல் குழாயில் அடைத்து, ஒரு முனையில் பற்றவைத்து, தீயை ஊதி அணைத்துவிட்டு, மீனுக்குப் பக்கத்தில் படுக்கவைத்துவிடுங்கள். அது பாட்டுக்கு மணிக்கணக்கில் புகையும். பெல்லட் கிரில்லின் புகை எப்போதுமே கொஞ்சம் சாதுதான், இந்தக் குழாய் அதற்கு நல்ல துணை. சில்லுகளைத் தொட்டியில் மட்டும் கொட்டாதீர்கள், திருகு சிக்கிக்கொள்ளும். பேக்கிங் பெட்டிக் கட்டை வேண்டாம், பிசின் மரம், கரி படியும்.

பெல்லட்டுக்கு எதிரி ஈரம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது நான் தொட்டியைக் காலி செய்யாமல் விட்டுவிட்டேன். மழை உள்ளே போகவில்லை, ஈரக்காற்றே போதும், எல்லாம் ஊதி உப்பித் தவிடாகித் திருகைச் சுற்றி சிமெண்ட் மாதிரி இறுகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்க்ரூ டிரைவரும் சுத்தியலுமாகப் போனது, அன்றைக்கு மதியம் ரசம் சோறுதான். இப்போது சமைத்து முடித்ததும் மிச்சத்தை வழித்து, இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் போட்டுவிடுகிறேன். நல்ல பெல்லட்டை ஒடித்தால் 'டக்' என்று சத்தம் வரும். பிசுபிசுத்துப் பொடிந்தால் செடிக்குப் போடுங்கள்.

பாதியில் கரண்ட் போனால்?
— வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

நின்றுவிடும். திருகும் ஃபேனும் கரண்டில் ஓடுபவை. பற்றவைக்கும் சில நிமிடம்தான் அதிகம் இழுக்கும், அதன்பிறகு ஒரு பல்பு அளவுதான், வீட்டு இன்வெர்ட்டர் தாராளமாகத் தாங்கும். இன்வெர்ட்டர் இல்லையென்றால் மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் பாருங்கள், அதற்குமேல் ஆனால் மீனைக் கேஸ் அடுப்புக்கு மாற்றி இட்லிப் பானையில் வேகவைத்து முடித்துவிடுங்கள். வெதுவெதுப்பாக விட்டுவைப்பதுதான் ஆபத்து. கரண்ட் வந்ததும் அப்படியே ஆன் செய்யாமல், நெருப்புக் கிண்ணத்தில் தேங்கியிருக்கும் பெல்லட்டை ஆறியபின் எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

இதே கேள்வியோடு அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்த இயந்திரம் என்று எழுதியவருக்கு: அது 120 வோல்ட். நம் பிளக்கில் நேராகச் செருகினால் அன்றோடு கதை முடிந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதுவும் வோல்ட்டைத்தான் குறைக்கும், அங்கத்திய 60 ஹெர்ட்ஸை நம் 50க்குச் சரிசெய்யாது, ஆகவே சில பழைய மாடல்களில் மோட்டார் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், சூடு ஏற நேரமாகும்.

என் மாமியார் "இது மாசிதானே, இதற்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்" என்கிறார். அப்படியா?
— வாசகி, முத்தியால்பேட்டை

மாமியார் பாதி சரி. மாலத்தீவிலும் மினிக்காயிலும் சூரையை வேகவைத்து, புகையில் வாட்டி, வெயிலில் கட்டையாகக் காயவைத்தால் அது மாசி. மாதக்கணக்கில் கெடாது, இடித்துத்தான் போடவேண்டும். நாம் செய்வதில் ஈரம் அப்படியே இருக்கிறது. இது புகை வாசமடிக்கிற வெந்த மீன், அவ்வளவே. அலமாரியில் வைத்தால் மறுநாளே கெட்டுவிடும். அவரிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள்.

பெங்களூரில் இருக்கும் மகளுக்கு வேக்யூம் பாக்கெட் போட்டு இரவு பஸ்ஸில் அனுப்பலாமா?
— வாசகர், தேவனாம்பட்டினம்

ஐயா, வேக்யூம் என்றதும் பாதுகாப்பு என்று நினைக்கிறோம், மீன் விஷயத்தில் அது நேர் எதிர். பொட்டுலிசம் என்ற, உயிரையே பறிக்கக்கூடிய உணவு நஞ்சை உண்டாக்குகிற கிருமிக்குக் காற்று இல்லாத இடம்தான் சுகம், மீனில் வளர்கிற அதன் ஒரு வகை 3.3 டிகிரியிலேயே வளரும், அதாவது ஃபிரிட்ஜ் குளிரிலும். வாடையில் தெரியாது, பார்வையில் தெரியாது. நான் மேலே சொன்ன உப்பு ருசிக்கான உப்பு, காப்பாற்றுகிற உப்பு இல்லை. அனுப்புவதென்றால் கல்லாக உறையவைத்து, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பாக்கெட்டுகளுக்கு நடுவில் வைத்து அனுப்புங்கள். மகள் கைக்குப் போகும்போது கல்லாகவே இருக்கவேண்டும், இளகிச் சொதசொதவென்று போயிருந்தால் யோசிக்காமல் தூக்கிப்போடச் சொல்லுங்கள். உருகவைக்கும்போது பாக்கெட்டைக் கிழித்துவிட்டு ஃபிரிட்ஜுக்குள் வைத்து உருக்க வேண்டும். வீட்டில் சாப்பிட நான்கு நாள் ஃபிரிட்ஜ், அதற்குமேல் ஃபிரீசர்.

எதிர்வீட்டுக்காரர் புகை என்று சண்டைக்கு வருகிறார்.
— வாசகர், மஞ்சக்குப்பம்

அவர் துணி காயப்போடாத நாளாகப் பாருங்கள். முதல் இரண்டு துண்டு அவர் வீட்டுக்குப் போகட்டும். சைவம் என்றால் எனக்கு வழி தெரியவில்லை. அதற்காக இயந்திரத்தைப் படிக்கட்டு அறைக்குள்ளோ மூடிய பால்கனிக்குள்ளோ நகர்த்திவிடாதீர்கள், கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் ஆளைக் கொல்லும்.

புகை போட்ட உணவு புற்றுநோய் தரும் என்கிறார்களே?
— வாசகி, நெல்லிக்குப்பம்

புகையில் அந்த மாதிரிப் பொருள்கள் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். அவற்றில் பென்சோபைரீன் என்ற ஒன்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் புகை மீனில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் என்று வரம்பே வைத்திருக்கிறது. கொழுப்பு நேராக நெருப்பில் சொட்டி எரியும்போது அது அதிகம் வரும். பெல்லட் கிரில்லில் நெருப்புக்கு மேல் ஒரு தகடு இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு, தகட்டில் கரியும் எண்ணெயும் சேராமல் சுரண்டிவைத்தால். நான் மாதம் ஒருமுறை, இரண்டுமுறை சாப்பிடுகிறேன். தினம் மூன்று வேளை வேண்டாம்.

எல்லாம் சரி அண்ணே, எதோடு சாப்பிடுவது? எங்கள் வீட்டில் பாதி அப்படியே மிஞ்சிவிட்டது.
— வாசகி, அரியாங்குப்பம்

சூடாகச் சாப்பிட்டிருப்பீர்கள், அதனால்தான். ஆறவிட்டு, மூடி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் சாப்பிடுங்கள், அன்றைக்குப் புகை மேலேயே நிற்கும், மறுநாள்தான் உள்ளே இறங்கும். புதுச்சேரிக்காரருக்கு நீட்டு ரொட்டியும் வெண்ணெயும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, நடுவில் பிய்த்து வைத்து எலுமிச்சை பிழியுங்கள். மிச்சத்தை உதிர்த்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்த் துருவலோடு சுறாப் புட்டு மாதிரி ஒரு புரட்டுப் புரட்டி எடுத்தால் பழைய சோற்றுக்கு அவ்வளவு பொருத்தம். குழம்பில் போடுவதென்றால் கத்தரிக்காய் மாங்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு மாதிரியே வையுங்கள், ஆனால் உப்பைப் பாதியாகக் குறைத்து, இறக்குவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் மீனைப் போடுங்கள். முன்னாலேயே போட்டால் கரைந்து காணாமல் போய்விடும்.